தரை டீச்சரும் மேசை விரிப்பும்

தரை டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று அவளைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது தவறான தகவல். மூக்கு வரை ஏறுவதற்குள் அந்தக் கோபம் வாய் வழியாக வெளியே போய், எதிரில் இருப்பவர் தலைமேல் உட்கார்ந்திருக்கும். அவளைக் கட்டிக்கொண்டவர் முடிதிருத்துகிறவர். நாள் முழுக்க ஊர்க்கதை கேட்டு, எதிர்ப்பேச்சு பேசாமல் தலையை மட்டும் சரிசெய்து பழகியவர். "உனக்கு வாக்கப்படணும்னுதான் கடவுள் எனக்கு இந்தத் தொழிலைக் கொடுத்திருக்கான்" என்பார். அதற்கும் அவள் கோபித்துக்கொள்வாள்.

அவள் வேலை குழந்தைகளோடு. மூன்று வயதுக்கு உட்பட்ட, வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகள். கழுத்து நிற்காதவர்கள், உட்காராதவர்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதவர்கள். வாரந்தோறும் அந்த வீடுகளுக்கே போய், பெற்றவர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வேண்டும். மூன்று வயது முடிந்தால் இந்தச் சேவையும் முடிந்தது. அப்புறம் பள்ளிக்கூடத்தின் பாடு, பிள்ளையின் பாடு. உடம்பும் மூளையும் சொன்ன பேச்சைக் கேட்கிற காலம் அந்த முதல் மூன்று வருஷம்தான் என்பாள். அதில் யாராவது ஒரு வாரத்தை வீணடித்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முன்பு அவள் ஆஸ்பத்திரியில் பயிற்சி அறையில் இருந்தாள். அங்கே இரண்டு பக்கமும் பளபளவென்று கம்பி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஜோராக நடக்கிற பிள்ளை, வீட்டுக்குப் போனதும் தொப்பென்று விழும். ஏன் விழுகிறது என்று பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். "வீட்டுல கம்பி இல்ல, அதான் விழுது" என்று கத்திவிட்டு, அந்த வேலையை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தாள். பொம்மைப் பை தூக்க மாட்டாள். அந்தந்த வீட்டுக் கரண்டி, டப்பா மூடி, தலையணை, மடித்த போர்வை, இவைதான் அவளுக்குச் சாமான். பை கொண்டுபோனால் பையோடு பாடமும் வெளியே போய்விடும் என்பது அவள் கட்சி. பிள்ளை மேலும் அவள் கை வைப்பது அபூர்வம். "நான் வாரத்துல ஒரு நாள் வர்றவ. உன் கைதான் இவன்கூட இருக்கப்போகுது. நீ பிடி" என்று தாயின் கையையே வைக்கச் சொல்லுவாள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவருவார்கள். அதை ஒதுக்கிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்காருவாள். பெயர் வந்தது அதனால்தான். காரணம் கேட்டால், "நாற்காலியில உக்காந்தா முகம் தெரியும். தரையில உக்காந்தாத்தான் பாதம் தெரியும். முகம் பொய் சொல்லும்மா. பாதத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பாள். இதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும்.

பஞ்சுவின் வீடு ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. படிக்கட்டு முழுக்க ரப்பர் வாசனை. அப்பா சரக்கு வேன் ஓட்டுகிறவர், வாசலில் நின்றால் வெளிச்சம் மறையும் அளவுக்கு ஆள். அம்மா ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற வேலை பார்த்தாள். பிள்ளைக்கு உடம்பில் இறுக்கமே இல்லை. தூக்கினால் கைக்குள் வழுக்கிக்கொண்டு இறங்குவான். பஞ்சு என்று அப்பா வைத்த பெயர் நிலைத்துவிட்டது. பசித்தால் அழுவான், தூக்கம் வந்தால் அழுவான். மற்றபடி கை நீட்டி இது வேண்டும், அது வேண்டும் என்று எதையும் கேட்டதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு, எடுத்துக்கொண்டால் விட்டுவிடுவான். அவன் நிற்காதது அம்மாவுக்குக் கவலை. கேட்காததுதான் டீச்சருக்குப் பெரிய கவலை.

இரண்டு வயது முடிகிற நேரத்தில், கட்டில் விளிம்பில் மார்பைச் சாய்த்துக்கொண்டு, அம்மா இடுப்பைப் பிடித்தால் நிற்கும் அளவுக்கு வந்தான். அந்த வாரம்தான் நோய் வந்தது. ஊர் அடைபட்டது. கடைகளுக்குப் பூட்டு, தெருவுக்குப் பூட்டு, வாய்க்கும் மூக்குக்கும் துணி. இனி யாரும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்று அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது.

அது சரிதான் என்று டீச்சருக்குத் தெரியும். தன் காலில் ஒட்டிக்கொண்டு நோய் ஒரு பிள்ளையின் வீட்டுக்குள் போவதை அவள் நினைத்துப் பார்க்கவும் விரும்பவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது அதற்கடுத்து வந்த பேச்சைக் கேட்டுத்தான். மேற்பார்வையாளர் அவளைவிட வயதில் சின்னவள். காரியம் ஆக வேண்டுமென்றால் "அக்கா" என்பாள், காரியம் ஆகிவிட்டால் பெயர் சொல்லுவாள். அவள் திரையில் வந்து, கடற்கரைப் படத்தை முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு பேசினாள்.

"இனிமே எல்லாம் திரை வழியாதான் அக்கா. யோசிச்சுப் பார்த்தா இது இன்னும் நல்லது. அலைச்சல் இல்ல, ஒரு நாள்ல எத்தனை குடும்பம் வேணும்னாலும் பார்க்கலாம்."

"எங்க இருந்து பார்க்கிறது மேடம்? உங்க கடற்கரையில இருந்தா?"

மேற்பார்வையாளர் சிரித்தாள். பின்னால் எங்கோ அவளுடைய பிள்ளைகள் சண்டை போடும் சத்தம் கேட்டது. அவளுக்கும் வேறு வழி இல்லை என்பது டீச்சருக்குத் தெரிந்துதான் இருந்தது. வழி இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் கோபம் வந்திருக்காது. இல்லாத வழியை ராஜபாட்டை என்று சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அப்படித் தொடங்கியது திரைக் கூத்து. டீச்சர் தன் படுக்கையறைத் தரையில் உட்கார்ந்து, கைப்பேசியைச் செருப்புப் பெட்டி மேல் சாய்த்து வைத்துக்கொள்வாள். கடை மூடிக் கிடந்த கணவர் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டாமல் வேலை செய்யப் பழகினார். ஒரு வீட்டில் பாதி நேரம் மின்விசிறிதான் தெரிந்தது. ஒரு வீட்டில் பிள்ளை டீச்சரை நக்கியது. அதன் நாக்கைத் தவிர வேறொன்றையும் அவள் பார்க்கவில்லை. "தலையணையை மார்புக்குக் கீழ வைம்மா" என்றால் அது போய்ச் சேருவதற்குள் பிள்ளை கவிழ்ந்து, எழுந்து, வேறு அறைக்குப் போயிருக்கும். தினமும் சாயங்காலம் அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. கணவர் தைலம் தேய்த்துவிடுவார். "தலை எனக்குப் பழக்கம். கழுத்துக்குத் தனிக் கூலி" என்பார்.

பஞ்சுவின் வீடு மட்டும் வேறு மாதிரி இருந்தது. விடுதி மூடி அம்மாவுக்கும் வேலை இல்லை, வேன் நின்று அப்பாவுக்கும் வேலை இல்லை. சொன்ன நேரத்துக்கு அழைப்பை எடுப்பார்கள். சின்ன மேசைக்கு எதிரே மாவு டப்பாமேல் கைப்பேசி, மேசையின் மறுமுனையில் பஞ்சு. மேசைமேல் டப்பா மூடிகள். ஒரு நாள் அழைப்பு வந்தபோது பஞ்சு அந்த முனையில் நின்றுகொண்டிருந்தான். மார்புக்கு மேலே மேசையைத் தாண்டித் தெரிந்தான். அம்மா பக்கவாட்டில், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றாள்.

"யாரும் பிடிக்கலியா?" என்றாள் டீச்சர்.

"நான் இங்கதானே இருக்கேன் டீச்சர்" என்றாள் அம்மா.

டீச்சர் கையைத் தட்டினாள். அடுப்படியிலிருந்து கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த மாதங்களில் அவளுக்கு வந்த ஒரே நல்ல செய்தி அது. மேசைமேல் புதிதாக ஒரு நீலப் பூப்போட்ட விரிப்பு, கைப்பேசி இருந்த பக்கம் தரை வரை தொங்கிக்கொண்டிருந்தது. "விரிப்பு புதுசா? நல்லாருக்கேம்மா" என்று அதையும் பாராட்டினாள்.

அடுத்த வாரமும் நின்றான், அதற்கடுத்த வாரமும் நின்றான். "காலைக் கொஞ்சம் காட்டு" என்று ஒரு தடவை கேட்டாள். அம்மா கைப்பேசியை எடுத்ததும் படம் உறைந்து, தொடர்பு அறுந்து, திரும்பக் கிடைப்பதற்குள் பஞ்சுவின் நேரம் முடிந்துவிட்டது. இன்னொரு தடவை கேட்டாள், அப்போதும் அப்படியே. அப்புறம் அவள் கேட்கவில்லை. முகம் சிரித்துக்கொண்டிருந்தது, அதுவே போதும் என்று இருந்துவிட்டாள். துணையில்லாமல் மேசையைப் பிடித்து நிற்கிறான் என்று எழுதி அனுப்பினாள்.

நோய் கொஞ்சம் அடங்கியது. முகக்கவசத்தோடு, மிகவும் தேவைப்படும் பிள்ளைகளின் வீடுகளுக்கு மட்டும் மறுபடி போகலாம் என்று உத்தரவு வந்தது. டீச்சர் வண்டியைத் துடைத்து வைத்தாள். கூடவே இன்னொரு தகவல் வந்தது: இலக்கை எட்டிய பிள்ளைகளின் சேவையை நிறைவுசெய்துவிட வேண்டும். அந்த வரிசையில் பஞ்சு இருந்தான். பலூன் படம் போட்ட பாராட்டுப் பத்திரம்கூட அவன் பெயரில் வந்திருந்தது.

பிள்ளை இன்னும் நடக்கவில்லை, கேட்டு வாங்கவில்லை, அதற்குள் நிறைவா என்று அவள் மேற்பார்வையாளரிடம் மல்லுக்கு நின்றாள். "நின்னுட்டான்னு நீங்கதானே அக்கா எழுதினீங்க" என்றாள் மேற்பார்வையாளர். சரி, ஒரு பிள்ளையாவது ஜெயித்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டு கடைசி அழைப்புக்கு உட்கார்ந்தாள்.

பஞ்சு வழக்கம்போல் மேசை முனையில் நின்று டப்பா மூடிகளைத் தள்ளிக்கொண்டிருந்தான். அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டீச்சர் பத்திரத்தைத் திரையில் காட்டினாள்.

"நம்ம பஞ்சு ஜெயிச்சுட்டான்மா. இனிமே நான் வர வேண்டியதில்லைன்னு அலுவலகத்துல சொல்லிட்டாங்க. சேவை இன்னியோட முடியுது."

அம்மா கட்டியிருந்த கை அவிழ்ந்தது. அப்போது மேசை ஆடியது. டப்பா மூடிகள் உருண்டு விழுந்தன. விரிப்பு ஒரு பக்கம் இழுபட்டு, அதற்குள்ளிருந்து ஒரு தலை வந்தது, பிறகு தோள் வந்தது, பிறகு பஞ்சுவின் அப்பா முழுசாக வந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார்கள். அவர் வெளியே வந்த அதே நொடியில் பஞ்சு மடங்கி, திரையைவிட்டுக் கீழே போய்விட்டான். அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

"வணக்கம் டீச்சர்" என்றார் அப்பா. வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

டீச்சருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவள் போட்ட சத்தத்தில் கணவர் கரண்டியோடு ஓடிவந்தார்.

"இத்தனை நாளா நாடகமா ஆடினீங்க? பிள்ளையை வச்சு? நான் பைத்தியக்காரி மாதிரி கையைத் தட்டிட்டு இருந்தேன், நீங்க அடியில படுத்துட்டு இருந்தீங்களா? அவன் இடுப்பு எவ்வளவு தாங்குது, முட்டி எவ்வளவு தாங்குது, ஒண்ணும் தெரியாம நான் இவ்வளவு நாள் என்னத்தைச் சொல்லிக்கொடுத்தேன்?"

"எங்களுக்கு வேற வழி தெரியல டீச்சர்" என்றார் அப்பா. "இந்த மாதிரிப் பிள்ளைங்களோட தாய்மார் போன்ல வச்சிருக்கிற குழுவுல சொன்னாங்க. திரையில முன்னேற்றம் காட்டாத பிள்ளைங்களை நிறுத்திடுவாங்களாம். வீண் செலவுன்னு நிறுத்திடுவாங்களாம். நிறுத்திட்டா இவனுக்கு வேற யாரு இருக்கா?"

நின்றால் நிறுத்துவார்கள் என்பது அலுவலகத்தின் கணக்கு. நிற்காவிட்டால் நிறுத்துவார்கள் என்பது இவர்கள் கேள்விப்பட்ட கணக்கு. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று தெரியாமல், பால் வேண்டுமே என்று பிள்ளையைச் சிரிக்கவைத்துக் காட்டியிருக்கிறார்கள். எந்தப் புண்ணியவான் இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டானோ, அவன் நாக்கில் சூடு போட வேண்டும் என்று அவளுக்கு வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றாள் அம்மாவிடம்.

அம்மாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரைக்கு நெருங்கி வந்தாள்.

"எப்படிக் கேக்கறது? முதல் நாள் அந்த ஒரு தடவைக்குன்னுதான் விரிப்பைப் போட்டு அவர் கீழ படுத்துப் பிடிச்சார். நீங்க கையைத் தட்டினீங்க. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினீங்க. அந்த நேரத்துல எங்க வீட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நீங்கதான். அதை எப்படி டீச்சர் இல்லைன்னு சொல்றது? நீங்களும்தான், எங்க வீட்டுக் கரண்டி எத்தனைன்னு எனக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியும். எங்க வீட்டு மேசைக்கு என்னிக்கு விரிப்பு இருந்துச்சு? அது எங்க படுக்கை விரிப்பு. அதுமேலதான் நீங்க இவனைக் குப்புறப் போட்டுப் பழக்கினீங்க. நல்லாருக்குன்னு வேற சொன்னீங்க."

டீச்சர் திரையில் தெரிந்த நீலப் பூக்களைப் பார்த்தாள். அந்தப் பூக்களில்தான் பஞ்சு முதன்முதலாகத் தலை தூக்கினான். ஒவ்வொரு பூவும் அவளுக்குப் பழக்கம். பாதத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், பாதத்தைப் பார்க்காமலே எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"தப்பு என்மேலயும் இருக்கும்மா" என்றாள் கடைசியில். "பிள்ளைக்கு அடி பட்டுச்சான்னு முதல்ல பாரு."

மறுநாள் மேற்பார்வையாளரிடம் நடந்ததை அப்படியே சொன்னாள். கடற்கரைக்கு முன்னால் அந்த முகம் வெளிறியது.

"முடிச்ச கேஸை எப்படித் திறக்கிறது அக்கா? புதுசா விண்ணப்பம் போடச் சொல்லுங்க. வரிசைப்படி வரும்."

"அந்த வரிசை நகர்றதுக்குள்ள அவனுக்கு மூணு வயசு முடிஞ்சிடும். உங்களுக்குத் தெரியாதா மேடம்?"

"நான் என்ன பண்ண? தப்பா எழுதினது நீங்க. இதை மேல கொண்டுபோனா உங்க வேலைக்குத்தான் ஆபத்து. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதை நான் பாத்துக்கறேன். தப்பா எழுதினேன், ஒத்துக்கறேன். இந்தத் திரையில ஒரு பிள்ளையோட காலைப் பார்க்க எனக்கு முடியல. பஞ்சு வீட்டுல மட்டும்தான் மேசை இருக்கா? நான் திரையில பார்த்து எழுதின எல்லாப் பிள்ளைங்களையும் பத்தி அப்படித்தான் எழுதித் தரப்போறேன். எதையும் நம்பாதீங்க, எல்லாத்தையும் திறந்து பாருங்கன்னு எழுதறேன். கடற்கரையில உக்காந்து எல்லாரும் சேர்ந்து படிங்க."

அது வெறும் மிரட்டல் இல்லை. அன்றைக்கே மற்ற வீடுகளையும் அழைத்து, கைப்பேசியைத் தரையில் வைக்கச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு வீடுகளில், பிள்ளை சொந்தமாக உட்காரவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒருவர் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். அவர்களும் அதே பேச்சைக் கேட்டுப் பயந்தவர்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிடும் என்று மேற்பார்வையாளருக்கு உறைத்தது. அவள் மேலிடத்தில் பேசினாள். குழந்தை மருத்துவரும் இன்னொரு அதிகாரியும் திரையில் தாங்களே பார்ப்பார்கள், பிள்ளை நிற்கவில்லை என்று தெரிந்தால் மூன்று வயது வரை வீட்டுப் பயிற்சி தொடரும் என்று முடிவானது.

டீச்சர் அம்மாவுக்குச் சொன்னது ஒன்றுதான். "விரிப்பை எடுத்துடு. போனைத் தரையில வை. அவர் எப்பவும் போல அடியிலயே படுக்கட்டும். அந்தக் கை இல்லேன்னா பஞ்சு நிக்கவே எழும்ப மாட்டான்."

அந்த நாள் வந்தது. மருத்துவரும் அதிகாரியும் மேற்பார்வையாளரும் அவரவர் நாற்காலியில் இருந்தாலும், எல்லோருக்கும் தரைதான் தெரிந்தது. மேசையின் நாலு கால்கள். நடுவில் குப்புறப் படுத்திருந்த அந்தப் பெரிய மனிதர். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அவருடைய இரண்டு கைகளுக்குள் பஞ்சுவின் இடுப்பு. பாதங்கள் இரண்டும் உள்பக்கமாகச் சரிந்து, தரையில் பட்டும் படாமலும் இருந்தன. டீச்சர் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தப் பாதங்களைப் பார்த்தாள்.

"துணை இல்லாம எப்படி நிக்கிறான்னு பார்க்கணும்" என்றார் மருத்துவர்.

"கையை எடுங்க தம்பி" என்றாள் டீச்சர்.

அப்பா எடுக்கவில்லை. "விழுந்துடுவான் டீச்சர்."

"விழணும் தம்பி."

சொல்லிவிட்டாள். பிள்ளைகள் விழாமல் இருப்பதற்காகவே இத்தனை வருஷம் ஊரூராகத் தரையில் உட்கார்ந்தவள், ஒரு பிள்ளையை விழவைக்கச் சொன்னாள். மூன்று பேர் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் விழுவதைக் கண்ணால் பார்த்தால்தான் உதவி கிடைக்கும் என்கிற இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் யார்? அவர்கள் வீட்டில் பிள்ளைகளே இல்லையா? வாய் வரை வந்ததை அவள் பல்லைக் கடித்து உள்ளே தள்ளினாள். அம்மா இரண்டு பக்கமும் தலையணை போட்டாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் எடுத்து, தரையில் விரித்து வைத்தார்.

பஞ்சு ஒரு மூச்சு நேரம் நின்றான். முட்டி மடிந்தது. மேசை விளிம்பு கையிலிருந்து நழுவ, தலையணைமேல் உட்கார்ந்தவாறே சரிந்தான். அழவில்லை. மேசைக்கு அடியில் பார்த்தான். தரையில் சும்மா கிடந்த அப்பாவின் கையைப் பார்த்தான். மெதுவாகத் தன் கையை நீட்டி, அவருடைய கட்டைவிரலைப் பிடித்து இழுத்து, தன் இடுப்பில் கொண்டுவந்து வைத்தான்.

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டுவிட்டான். பிறந்ததிலிருந்து எதையும் கேட்காத பிள்ளை, எனக்கு இது வேண்டும் என்று கேட்டுவிட்டான். கையைத் தட்ட வேண்டும், கணவரைக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குப் பரபரத்தது.

"நிக்கல. சரி, பார்த்தாச்சு" என்றார் மருத்துவர், எதையோ குறித்துக்கொண்டே. "வேற ஏதாவது முன்னேற்றம் தெரியுதா? இருந்தா அதையும் சேர்த்துக்கலாம்."

முன்னேற்றம் என்றால் இந்த அலுவலகம் என்ன செய்யும் என்று டீச்சருக்கு நன்றாகத் தெரியும். மேற்பார்வையாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றுவரை எந்த வார்த்தையையும் அடக்கி வைக்காதவள், இப்போது இரண்டாம் தடவையாக வாயை மூடிக்கொண்டாள். மேசைக்கு அடியில் இப்போது படுத்திருப்பது தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

"நீங்க பார்த்ததுதான் டாக்டர்" என்றாள்.

சேவை தொடரும் என்று அதிகாரி அறிவித்தார். அடுத்த வாரத்திலிருந்தே வீட்டுக்குப் போகலாம் என்றார். ஒவ்வொருவராகத் திரையிலிருந்து மறைந்தார்கள். மேற்பார்வையாளர் கடைசியாகப் போனாள். "நானும் பார்த்தேன் அக்கா. அவன் கையைப் பிடிச்சு வச்சதை" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள்.

தரையில் பஞ்சு இன்னும் அப்பாவின் விரலை விடவில்லை. அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பிள்ளை எல்லோர் முன்னாலும் விழுந்துவிட்டானே என்றுதான் அவள் அழுதாள். அவன் கேட்டதை அவள் கவனிக்கவில்லை.

"ஏம்மா, அழறதை நிறுத்து. அவன் என்ன பண்ணிட்டிருக்கான்னு பாரு. அந்தக் கையை யாரு கொண்டுவந்து வச்சா?"

அம்மா பார்த்தாள். அவளுக்குப் புரியும்வரை டீச்சர் காத்திருந்தாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"தம்பி."

"டீச்சர்."

"பிள்ளை கேக்கறான், பிடிங்க. ஆனா அடியில இருந்து வேண்டாம். வெளிய வாங்க. அவன் பின்னாடி உக்காந்து, ஊருக்கே தெரியற மாதிரி பிடிங்க."